கோதுமை ஒத்துக்கொள்ளாதவள்

1

பெர்த் நகரத்தில் நாங்கள் போகிற கோயிலுக்கு வருகிற அத்தனை பேரும் எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று நம்புகிறார்கள். யாராவது தெரியாமல் கேக்கை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய்த் தடுப்பார். கோயில் விருந்துகளில் என் பெயர் எழுதிய தனித்தட்டு ஒன்று ஓரமாக இருக்கும். அதில் அரிசி மாவில் செய்த பிஸ்கட், வாயில் வைத்தால் மணல் மாதிரி உதிரும். நன்றி சொல்லித் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு சப்பாத்தி சுட்டுச் சாப்பிடுவேன்.

இந்தப் பொய்யை நான் ஊரெல்லாம் போய்ச் சொல்லவில்லை. என் மகள் ஷெரினிடம் ஒரே ஒருமுறை சொன்னேன். அவள் முதல் நன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். நன்மை என்றால் பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பம். ஏசுவின் உடல் என்று நம்பி வாங்குவோம். பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எல்லாரும் வரிசையில் போகும்போது நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா நீங்க போறதே இல்ல?" என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். அது கோதுமையில் செய்தது, அம்மாவுக்கு ஒத்துக்காது கண்ணு என்றேன்.

குழந்தை அதை மறைக்கல்வி டீச்சரிடம் கொண்டுபோனாள். டீச்சர் சாமியாரிடம் கொண்டுபோனாள். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒருத்தர் குறையை விட்டுவைக்கத் தெரியாது. எங்கிருந்தோ கோதுமைச் சத்து நீக்கிய அப்பத்தை வரவழைத்து, ஒரு சின்ன வெள்ளிப் பெட்டியில் போட்டு, மூடியில் என் பெயரை ஒட்டிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வாங்கி முடித்த பிறகு, இடுப்பு வலிக்கார வயதான சாமியார் பீடத்திலிருந்து இறங்கி, கோயில் நீளத்துக்கும் விந்தி விந்தி நடந்து, கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் என் முன்னால் வந்து நின்று பெட்டியைத் திறந்தார்.

கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. அத்தனை முகத்திலும் பிரியம். நான் தலையை ஆட்டினேன். என் இங்கிலீஷுக்கு எட்டவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இதில் கோதுமை அநேகமாக இல்லவே இல்லை என்று நிறுத்தி நிறுத்தி இன்னொரு தரம் சொன்னார். மறுபடியும் ஆட்டினேன். பிறகு பெட்டியை மூடி, என் தலையில் கைவைத்துவிட்டு, வந்த வழியே விந்திக்கொண்டு போனார். நான் அழுததை முன்வரிசைக்காரர்கள் நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் வாங்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அடுத்தவர் வீட்டுப் பெண் என்ன செய்தாள், ஏன் செய்தாள் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசையும் இல்லை, யோக்கியதையும் இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2

எனக்குச் சொந்த ஊர் கருமத்தம்பட்டி. அப்பா தறிக்குடோனில் வேலை பார்த்தார். என் கல்யாணம் முடிந்த வருஷமே போய்விட்டார். என் வீட்டுக்காரர் அருளுக்குக் கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை. பம்பு பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பெர்த்தில் ஒரு சுரங்கக் கம்பெனி கூப்பிட்டது. எங்கள் இரண்டு வீட்டிலும் அதுவரை யாரும் விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை.

விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை இருந்தது. இருவருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்குத் தேதி வாங்கப் போகிற வாரத்தில்தான் நான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. காந்திபுரத்தில் எங்கள் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்த ஏஜெண்டிடம் அருள் சந்தோஷமாகத்தான் சொன்னார். அந்த ஆள் பேனாவை மூடிவைத்தான். வயிற்றில் பிள்ளை இருந்தால் எக்ஸ்ரே எடுக்க மாட்டார்கள், ஃபைல் அப்படியே நிற்கும், குழந்தை பிறந்து அதற்கும் பாஸ்போர்ட் எடுத்து அப்புறம்தான் பார்க்க முடியும் என்றான். கம்பெனிக்காரர்களோ வருகிற மாதம் ஆள் வந்தாக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அருள் "நீ சொல்லு ரோசு" என்றார். நான் "நீங்க சொல்லுங்க" என்றேன். ஒரு வாரம் இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் அம்மாவிடம் போய் நின்றேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் போனேன். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு சொன்னாள்: "கொழந்தை மறுக்கா வரும் கண்ணு. விசா மறுக்கா வருமா?"

கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் முடிந்தது. டாக்டரம்மா நல்லவர். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நானே சரி என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா செய்ததை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் பஸ் ஏறி அவிநாசிக்குப் போனாள். எங்கள் ஊர்க் கடைவீதியிலேயே நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே சுக்கும் திப்பிலியும் பிரசவச் செலவு என்கிற மருந்துச் சாமானும் கேட்டால், யாருக்குங்க பிரசவம் என்று கடைக்காரர் கேட்பார் என்பதால் அவ்வளவு தூரம் போனாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகினாள். பிறகு நல்லெண்ணெயில் பூண்டு வதக்கி, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டுகிற லேகியத்தைக் கிண்டினாள். அந்த வாசம் வெளியே போனால் இந்த வீட்டில் பிரசவம் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். புகையில் இருமிக்கொண்டே உருண்டை பிடித்து என் கையில் வைத்தாள். சாப்பிடு, இடுப்புக்கு நல்லது என்றாள். நான்கு நாள் தந்தாள். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுச் சரசக்கா, என்ன ஊட்டச் சாத்தியே வெச்சிருக்கறீங்க என்று கேட்டுவிட்டாள். அன்றோடு நின்றது.

எக்ஸ்ரேயில் என் நெஞ்சு சுத்தமாக இருந்தது. விசா வந்தது.

3

இங்கே வந்து சில வருஷம் கழித்து ஷெரின் வயிற்றில் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, இது முதல் பிரசவமா என்பது. ஆமாம் என்று நானும் அருளும் ஒரே நேரத்தில் சொன்னோம். நர்ஸ் சிரித்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வீட்டிலும் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. அவர் ஞாயிறு தவறாமல் நன்மை வாங்கினார். நான் வாங்கவில்லை. அவர் ஏன் என்று கேட்கவும் இல்லை. அந்தக் கோபம் எனக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை.

வெள்ளிப் பெட்டி ஞாயிறு கழிந்த வாரத்தில் சாமியாரிடம் போய் உட்கார்ந்தேன். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் என்று நினைத்துப் போகவில்லை. கோதுமைக் கதை பொய் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அதைக் கேட்டு அவர் இருமல் வருகிறவரை சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு, சரி, நிஜமான காரணம் என்ன என்றார். சொன்னேன். இங்கிலீஷில் சொன்னதால் சொல்ல முடிந்தது. ஆபீசில் ஒரு விவரம் சொல்வதுபோல, எங்கேயும் தடுமாறாமல் சொல்லி முடித்தேன்.

அவர் திட்டவில்லை. என் வயதென்ன, அப்போது கூட யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு பாவ மன்னிப்புச் சொன்னார். உள்ளே வா, இத்தனை வருஷம் வெளியே நின்றது போதும் என்றார். அந்தப் பெட்டி அங்கேயேதான் இருக்கும், எப்போது தோன்றுகிறதோ அப்போது வா என்றார். பரிகாரமாக ஒரே ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். யாருக்காக என்கிறீர்கள்? என் அம்மாவுக்காக.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்காக இல்லை, போன பிள்ளைக்காக இல்லை, மறுக்கா வருமா என்று கேட்டவளுக்காகவாம். மணிகளை உருட்டினேன், மனசு உருளவில்லை.

அந்தக் கோயிலிலேயே, இப்படிப் பிள்ளையை இழந்த பெண்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். ஒரு கன்னியாஸ்திரி நடத்துகிறார். டீ போட்டுத் தருவார். யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லாதவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகலாம். அங்கே வருகிற ஒரு அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இறந்துபோன புருஷனிடம் கடைசிவரை சொல்லவே இல்லையாம். அவர் ஒரு நாள் தன் கைப்பையிலிருந்து கைக்குட்டை எடுத்து, தன் கண்ணைத் துடைக்காமல் என் கண்ணைத் துடைத்துவிட்டார். அந்த அறைக்குப் போனதால்தான் நான் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறேன். ஆனால் அங்கேயும் நான் பேசியது இங்கிலீஷ். என் கதையை வேறு எவளோ சொல்வதைப் போலவே இருந்தது. தமிழில் சொல்லி அழ வேண்டியது ஒரே ஒருத்தியிடம்தான் என்று தெரிந்தது. அவளோடு போனில் மழை பெய்ததா, முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதற்கு மேல் பேச்சுப் போனதில்லை.

4

இந்த வருஷம் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் மைதானத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த தீபா என்கிற பெண் எங்களோடு உட்கார்ந்தாள். அவிநாசிக்காரி, பேச்சைக் கேட்டதும் அருளுக்கு வாயெல்லாம் பல். நிறைமாத வயிறு. இந்த வயிற்றோடு விசா எப்படிக் கிடைத்தது என்று யாரோ கேட்டார்கள்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எக்ஸ்ரே எடுக்கறப்ப வயித்து மேல ஈயத்துணி மாதிரி ஒண்ணு போட்டாங்க்கா. வேணாம்னா பொறந்த பொறவு எடுத்துக்கலாம், உங்க இஷ்டம்ன்னு டாக்டரே சொன்னாருங்க. நாங்க எடுத்துட்டு வந்துட்டோம். கொழந்தைக்கு ஒண்ணும் இல்லைன்னாங்க."

இப்போதுதான் இப்படியா, முன்னாலேயும் உண்டா என்று கேட்டேன். அவளுடைய அக்காவும் அப்படித்தான் வந்தாளாம். அக்கா வந்த வருஷத்தைச் சொன்னாள். அது நாங்கள் வருவதற்கு முந்தின வருஷம்.

அருள் தட்டைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன். ஏனுங்க, காரமா இருக்குதுங்களா என்று தீபா கேட்டாள். நன்றாயிருக்கிறது கண்ணு, சாப்பிடு என்றேன்.

ஒரு துணி. அதைப் போட்டு எடுக்கலாம் என்று ஏஜெண்டுக்குத் தெரியவில்லை. அவன் ஒருத்தன் சொன்னதை இன்னொரு ஆளிடம் கேட்டுப் பார்க்க எங்களுக்கும் தோன்றவில்லை. ஃபைல் அவன் கையில் இருந்தது, அவன் சொன்னதே வேதம் என்று இருந்துவிட்டோம். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அருள் எங்கள் தெருவைத் தாண்டிப் போனார். அடுத்த திருப்பத்தையும் தாண்டினார். ஷெரின் பின்னால் இருந்து, அப்பா வீடு போயிடுச்சு என்றாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். இத்தனை வருஷமாக அவர்மேல் வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அது அப்படியே அம்மா பக்கம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு அவரும் நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஷெரின் மட்டும் வரிசையில் போனாள். திரும்பி வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அப்பாவுக்கும் கோதுமை அலர்ஜியா என்று காதில் கேட்டாள்.

நான் ஊருக்கு டிக்கெட் போட்டேன். ஷெரினுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் தனியாகத்தான் போனேன். அம்மாவின் முகத்துக்கு நேரே அந்த ஈயத்துணியைப் பற்றிச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை.

5

போன சமயம் கல்லறைத் திருநாள். ஊரில் அன்று குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சாயங்காலம் அங்கேயே பூசை. பிறகு சாமியார் ஒவ்வொரு கல்லறைக்கும் வந்து தீர்த்தம் தெளிப்பார். அம்மாவும் நானும் அப்பாவின் கல்லறையைக் கழுவினோம். குனிய முடியாமல் உட்கார்ந்தபடியே தேய்த்தாள். கையெல்லாம் நரம்பு. பூசை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன்.

நன்மை கொடுக்கிற நேரம் வந்தது. எல்லாரும் பீடத்தைப் பார்த்து நகர்ந்தார்கள். நான் வழக்கம்போலப் பின்வாங்கி அப்பாவின் கல்லறைப் பக்கம் வந்தேன். அங்கே அம்மா ஏற்கெனவே வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, நன்றாக எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

எங்கள் அம்மா நன்மை வாங்காத பூசையை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. காய்ச்சலோடு கூடப் போவாள்.

"போகலியா?" என்றேன்.

"நானெங்கே போறது," என்றாள் திரும்பாமல். "நீ ஏரோப்ளேன் ஏறுனதுல இருந்து போறதில்ல."

முட்டிவலி, அடுப்பில் பால், அவசர வேலை என்று ஊருக்கு என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். நான் கோதுமை சொன்ன மாதிரி. கடல் தாண்டி நானும் இங்கே இவளுமாக, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆளுக்கொரு கோயிலில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

"நான் அங்க சாமியார்கிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மா," என்றேன். தமிழில் முதல்முறையாக அவ்வளவுதான் சொன்னேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

"என்ன சொன்னாரு?"

"உள்ள வரச் சொன்னாரு."

அம்மா திரும்பினாள். மெழுகு அவள் விரலில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னையுமா கண்ணு?"

அப்பாவின் கல்லறை விளிம்பில் இருவரும் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பார்க்கப் பார்க்க அழுதோம். கல்லறைத் திருநாளில் அழுகிறவர்களை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு, எங்கள் இருவர் மேலும் இன்னொரு கை தெளித்துவிட்டுப் போனார்.

ஈயத்துணியைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் மாட்டேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குக் கண் இல்லை. இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர் யாருக்காவது எங்களை அடையாளம் தெரிந்துபோனாலும், தயவுசெய்து அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

6

சனிக்கிழமை அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். ஞாயிறு என் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தாள். இருவரும் வாங்கினோம். போனில் அருளிடம் சொன்னபோது, நல்லது ரோசு என்றார். நீங்களும் அந்தச் சாமியாரிடம் போய் ஒரு தடவை உட்காருங்க என்றேன். பார்க்கலாம் என்றார். இதை எழுதுகிற இந்த வாரம் வரைக்கும் அவர் போகவில்லை, பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த வெள்ளிப் பெட்டி அப்பத்துக்காக நான் வரிசையில் போகும்போது அவர் கால்களைத் தாண்டித்தான் போகிறேன். வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். சரியாகவில்லை. அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இப்போது ஷெரினுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் என்று தோன்றாத நாள் கிடையாது.

ஊரில் நாங்கள் நன்மை வாங்கிய அந்த ஞாயிறு கழிந்த மறுநாள் காலையில் அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவிநாசிக்கு இல்லை. கடைவீதி நாட்டு மருந்துக் கடைக்கு. திரும்பி வந்து சமையல்கட்டு ஜன்னலின் இரண்டு கதவையும் தள்ளித் திறந்தாள். வாசல் கதவையும் திறந்துவிட்டாள். பூண்டு உரிக்க என்னைக் கூப்பிடவில்லை. பிள்ளை பெற்றவள் வேலை செய்யக் கூடாது என்று உட்காரவைத்துவிட்டாள். நல்லெண்ணெய் காய்ந்து, பூண்டு பொரிந்து, கருப்பட்டிப் பாகு கொதித்து, வாசம் வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு மேலே சரசக்காவின் குரல் மதில் தாண்டி வந்தது.

"ஏனுங்க ஸ்டெல்லாக்கா, லேகிய வாசம் ரோட்டு வரைக்கும் வருதுங்களே. யாருக்குங்க பிரசவம்?"

அம்மா கிண்டுவதை நிறுத்தவில்லை.

"என்ற புள்ளைக்குத்தானுங்க," என்றாள். "அன்னைக்கே செஞ்சிருக்கோணும். கொஞ்சம் லேட்டாயிப்போச்சு."

சரசக்கா மதிலுக்கு மேல் எட்டி என்னைப் பார்த்தாள். என் நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வீடு சாத்தியிருந்த அந்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அப்ப நல்லெண்ணெய் இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா ஆறுவதற்கு முன்னாலேயே ஓர் உருண்டை பிடித்தாள். கையை நீட்டினேன். கையில் வைக்கவில்லை. வாயைத் திற என்றாள். திறந்தேன்.